48 நாள் முடிந்தவருக்கு 49ஆம் நாள் ஏன் முடியவில்லை?

"மாலை போட்டா ஒரு மண்டலம் ஒரு சொட்டு தொடமாட்டாரு டாக்டர். மலைக்குப் போயிட்டு வந்து மாலையைக் கழட்டின அன்னிக்கே ஆரம்பிச்சிடுறாரு. முடியுதுல்ல? அப்புறம் எப்படி இதை நோய்னு சொல்றீங்க?"

தமிழ்நாட்டில் குடிநோய்ச் சிகிச்சை நடக்கும் எந்த அறையிலும் தை பிறந்ததும் மனைவிமார் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி. இதைத் தட்டிக்கழித்துவிட்டு, "இது மூளை சம்பந்தப்பட்ட நோயம்மா, அவரைக் குறை சொல்லாதீங்க" என்று பாடம் எடுத்தால் அந்தப் பெண் அடுத்த முறை வரமாட்டார். வரக் கூடாது என்றே சொல்வேன். அவர் கண்ணால் பார்த்ததை அந்தப் பதில் பொய்யாக்குகிறது.

ஊர் சொல்லும் பதில் வேறு. எல்லாம் கொழுப்பு, நாலு அறை விட்டால் சரியாகிவிடும். அறை வாங்கித் திருந்திய குடிநோயாளி உண்டென்றால் நம் ஊர்களில் குடியே இருந்திருக்காது. அந்த 48 நாள் உண்மையில் எதைக் காட்டுகிறது என்று பொறுமையாகப் பார்த்தால், குடிப்பவரின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது, எதற்கு அவரைப் பழிப்பது வீண் என்பது பெருமளவு தெளிவாகிவிடும்.

முதலில் உடம்பு. ஒரு குவாட்டர் 180 மி.லி. நம் கடைகளில் விற்கும் பிராந்தி, ரம், விஸ்கியில் 42.8 விழுக்காடு ஆல்கஹால். கணக்குப் போட்டால் ஒரு குவாட்டரில் ஏறத்தாழ 60 கிராம் சுத்த ஆல்கஹால் வருகிறது. கல்லீரல் ஒரு மணி நேரத்தில் கரைப்பது தோராயமாக 7 முதல் 10 கிராம்தான். ஒரு குவாட்டர் உடம்பை விட்டுப் போக 6 முதல் 9 மணி நேரம் வேண்டும். இரவில் இரண்டு குவாட்டர் முடித்தவருக்கு மறுநாள் பிற்பகல்கூட ஆகலாம். அதற்குள் கடை திறந்துவிடுகிறது. "நான் பீர் மட்டும்தான்" என்பவர்களுக்கும் இதே கணக்கு உண்டு. 8 விழுக்காடு உள்ள 650 மி.லி. ஸ்ட்ராங் பீரில் 40 கிராம் இருக்கிறது. இரண்டு பாட்டில் அடித்தால் ஒரு குவாட்டரைத் தாண்டியாயிற்று.

இப்படி மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் போனால் மூளை தன்னைத் திருத்திக்கொள்கிறது. ஆல்கஹால், மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையைக் கூட்டும். விழிப்பூட்டும் குளுட்டமேட்டை அடக்கும். தினமும் இந்த அழுத்தம் வருவதால் மூளை எதிர்த்திசையில் முறுக்கிக்கொண்டு நிற்கப் பழகுகிறது. ஆல்கஹாலைத் திடீரென எடுத்தால் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சும். கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் அதனால்தான். "காலையில ஒரு கட்டிங் போட்டாத்தான் கை நிக்குது" என்று ஒருவர் சொல்லும்போது அவர் சுகத்துக்காகக் குடிக்கவில்லை. அந்த 90 மி.லி. நடுக்கத்தை நிறுத்த மட்டும்தான்.

குடிக்கிற எல்லோரும் குடிநோயாளி இல்லை. அடக்க முடியாத வேட்கை, தொடங்கினால் அளவோடு நிறுத்த முடியாமை, நிறுத்தினால் உடல் தொந்தரவு, அதே போதைக்கு அளவு கூடிக்கொண்டே போவது, மற்ற வேலைகளும் விருப்பங்களும் சுருங்கிப்போவது, கேடு தெரிந்தும் தொடர்வது ஆகிய ஆறில் குறைந்தது மூன்று ஓராண்டுக்குள் சேர்ந்து தெரிந்தால் மருத்துவர்கள் அதை அடிமைநிலை என்பார்கள். மாலை போட்டு எந்தத் தொந்தரவும் இல்லாமல் 48 நாள் ஓட்டுபவர்களில் ஒரு பகுதியினர் இந்த நிலைக்கு இன்னும் வரவில்லை, அல்லது லேசான கட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த 48 நாள் நல்ல செய்தி. நிறுத்துவதற்கு இதைவிடச் சுலபமான காலம் அவர்களுக்கு இனி வராது.

முற்றிய நிலையில் இருப்பவருக்கோ மாலை போட்ட இரண்டாம் நாளே ஆபத்து. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து நடுக்கம் தொடங்கும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத பூச்சி கையில் ஊர்வதாகத் தட்டுவார், சுவரில் ஆள் நிற்பதாகச் சொல்வார், இடம் நேரம் தெரியாது, காய்ச்சலும் வியர்வையும் இருக்கும். மருத்துவம் இல்லாமல் விட்டால் உயிர் போகக்கூடிய நிலை இது. இதைத்தான் பல வீடுகளில் "சுத்தம் சரியில்ல, சாமி குத்தம்" என்று சொல்லிக் கோயிலுக்கும் மந்திரிப்பவரிடமும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். குடியை நிறுத்தக் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு வந்த மூன்றாம் நாள் நடப்பதும் இதுவே. அவர் சாமிக்குப் பயந்து குடியை விட்டதால் வந்த உடல்நிலை அது. பக்தியின் குறையென்று அவர்மேல் சுமத்துவது பெரிய கொடுமை.

ஆகவே தினமும் குடிப்பவர், காலையில் நடுங்குபவர், முன்பு எப்போதாவது நிறுத்தியபோது வலிப்பு வந்தவர் ஆகியோர் மாலையோ கயிறோ போடுவதற்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். குளோர்டயசெபாக்சைடு அல்லது டயசெபாம் மாத்திரையைப் போதிய அளவில் தொடங்கி, ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் லோராசெபாம் கொடுப்பார்கள். இவற்றை மருந்துக்கடையில் தானே வாங்கிப் போடக் கூடாது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு அதன்மேல் குடித்தால் மூச்சு அடங்கிவிடலாம். இன்னொன்று, பக்கத்து கிளினிக்கில் "சோர்வா இருக்காரு, ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்பது நம் வழக்கம். நீண்ட நாள் குடித்தவர் உடலில் வைட்டமின் பி1, அதாவது தயாமின், வற்றிப்போயிருக்கும். தயாமின் ஊசி போடாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சமிருப்பதும் செலவாகி, பார்வை இரட்டையாகி, நடை தள்ளாடி, குழப்பம் வந்து, நினைவாற்றல் நிரந்தரமாகவே போய்விடலாம். "தயாமின் போட்டாச்சா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

இனி, 48 நாளை ஓட்டியவரிடம் வருவோம். அந்த நாட்களில் அவர் மண்டைக்குள் புதிதாக எந்த மன உறுதியும் முளைக்கவில்லை. வெளியே என்னென்ன மாறின என்று பாருங்கள். விடியும் முன் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளியல். கறுப்போ நீலமோ காவியோ உடுத்தியிருப்பதால் தெருவே அவரை அடையாளம் காண்கிறது. மனைவி முதல் மேஸ்திரி வரை எல்லோரும் "சாமி" என்கிறார்கள். கூடக் குடிக்கும் நண்பன் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் அவனுக்கே பாவம். சாயங்காலம் 6 மணிக்குமேல், வழக்கமாகக் கடைக்குப் போகும் அதே நேரத்தில், பஜனை. பசியெடுக்கும் முன் யாராவது சாப்பாடு போடுகிறார்கள். தவறினால் கேட்கக் குருசாமி இருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேல், முடியும் தேதி தெரியும். இத்தனையும் சேர்ந்து அவரைத் தாங்கிப் பிடிக்கின்றன. மாலையைக் கழற்றும் அந்த ஒரே நாளில் இவை அத்தனையும் போய்விடுகின்றன. 49ஆம் நாள் மாலை 6 மணிக்கு அவர் தனியாக, கையில் காசோடு, பழைய பேரோடு, பழைய தெருவில் நிற்கிறார்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, அவரால் முடியும். "என் கையில ஒண்ணுமே இல்ல" என்று அவர் சொன்னால் ஏற்கத் தேவையில்லை. மற்றொன்று, அவரால் முடிவது எப்போது என்பது. கடை வாசலில் முதல் மிடறு உள்ளே போன பிறகு அவரிடம் நிதானத்தைக் கேட்பது வீண். முதல் கட்டிங்குக்குப் பிறகு, எப்போது நிறுத்துவது என்று தீர்மானிக்கும் மூளைப் பகுதியே மங்கத் தொடங்கிவிடும். அவருடைய பொறுப்பு தெளிந்திருக்கும் நேரத்தில் இருக்கிறது. காலை 8 மணிக்கு, கை நடுங்காமல், தலை தெளிவாக இருக்கும்போது அவர் என்ன ஏற்பாடு செய்கிறார் என்பதைத்தான் கேட்க வேண்டும். அப்போது செய்யக்கூடியதைச் செய்யாமல் விட்டால் அவரைக் கேள்வி கேட்கக் குடும்பத்துக்கு முழு உரிமை உண்டு.

சனிக்கிழமை கூலி வாங்கும் கொத்தனாரை எடுத்துக்கொள்வோம். 5 மணிக்குக் கையில் பணம். 5.30க்கு டீக்கடையில் கூட்டாளி. மதியம் 2 மணிக்குச் சாப்பிட்டது, பசி. வீட்டுக்குப் போகும் வழியில் கடை. 6.15க்கு "ஒரு கட்டிங் மட்டும்". வீட்டில் எல்லோரும் அந்த 6.15ஐப் பற்றித்தான் பேசுவார்கள். ஆனால் அதற்கு முன்பே அவர் மாற்றியிருக்கக்கூடிய இடங்கள் நாலைந்து உண்டு. கூலியை நேராக மனைவியின் வங்கிக் கணக்குக்குப் போடச் சொல்லலாம். கூட்டாளியிடம் முந்தின நாளே, தெளிவாக, "மாத்திரை சாப்பிடுறேன், கூப்பிடாதே" என்று சொல்லிவிடலாம். 5 மணிக்கு வயிறு நிறைய எதையாவது சாப்பிட்டுவிடலாம். வெறும் வயிறும் களைப்பும் வேட்கையைப் பெரிதாக்கும். பேருந்தை மாற்றி, கடை இல்லாத வழியில் வரலாம். வேட்கை அலையாக எழுந்து பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அந்த அரை மணிக்கு யாரிடம் பேசுவது, எங்கே உட்காருவது என்பதை முன்கூட்டியே வைத்திருக்கலாம். மாலை போடுபவர் கழற்றும் நாளைக்கு முன்பே இதையெல்லாம் எழுதிவைப்பது நல்லது. சாயங்காலப் பஜனைக்குப் பதிலாக எங்கே போவது, குருசாமிக்குப் பதிலாக யாரிடம் பதில் சொல்வது என்ற இரண்டுமாவது முடிவாகியிருக்க வேண்டும். குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டங்கள் பல ஊர்களில் மாலை வேளையில் நடக்கின்றன. கட்டணம் கிடையாது.

மருந்தும் இந்தக் காலை நேரப் பொறுப்பில் சேர்ந்தது. நால்ட்ரெக்ஸோன் 50 மி.கி., தினம் ஒன்று: குடித்தால் வரும் கிளர்ச்சியைக் குறைக்கும், வேட்கையையும் தணிக்கும். மார்பின் வகை வலிமருந்து எடுப்பவர்களுக்கு ஆகாது. அகாம்ப்ரோசேட் 333 மி.கி. மாத்திரை இரண்டிரண்டாக மூன்று வேளை: நிறுத்திய பிறகு நீடிக்கும் பதற்றத்தைக் குறைக்கும். சிறுநீரகம் கெட்டவர்களுக்குக் கூடாது. மூன்றாவது டைசல்ஃபிரம். இதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் அசிடால்டிஹைடு என்ற நச்சு உடலில் தேங்கி, அரை மணிக்குள் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு அடித்துக்கொள்ளும், இரத்த அழுத்தம் சரியும். மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை இந்த விளைவு இருக்கும். அவர் விஷயம் தெரிந்து, சம்மதித்து, தினமும் காலையில் மனைவி முன்னால் போட்டுக்கொண்டால் இது நல்ல மருந்து. அன்று மாலை குடிக்க முடியாது என்ற முடிவைக் காலையிலேயே எடுத்து முடித்துவிடுகிறார்.

"குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்" என்ற விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொட்டலங்களில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. மருந்துக்கடையில் டைசல்ஃபிரம் வாங்கிக் குழம்பில் கலக்கும் குடும்பங்களும் உண்டு. இதய நோய் உள்ளவருக்கு இது உயிரையே எடுத்துவிடலாம். தப்பிப் பிழைத்து விஷயம் தெரியவந்தால் வீட்டுச் சோற்றையே நம்பமாட்டார். அதோடு, அவர் எடுக்க வேண்டிய ஒரே முடிவை அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டு, பிறகு பொறுப்பில்லாதவர் என்று அவரை எப்படிச் சொல்வது?

பழி சொல்வது ஏன் பயனற்றது என்பதற்கு மனவியலில் தெளிவான காரணம் இருக்கிறது. ஒருவர் இரண்டு மாதம் குடிக்காமல் இருந்து, ஒரு கல்யாண வீட்டில் ஒரு கிளாஸ் குடித்துவிடுகிறார். குடித்ததைவிட, அதற்குப் பிறகு அவர் மனதில் ஓடுவதுதான் அவரைக் கவிழ்க்கும். "எல்லாம் போச்சு, நான் உருப்படமாட்டேன், இனி என்ன இருக்கு?" அந்த அவமானத்தைத் தாங்க முடியாமல் அடுத்த பாட்டில். அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் இந்தச் சறுக்கலை விரிவாக ஆராய்ந்து, ஒரு கிளாஸ் முழு வீழ்ச்சியாக மாறுவதில் இந்த எண்ணத்துக்குப் பெரும் பங்கு உண்டென்று காட்டினார். நம் வீடுகளில் இதைக் கூடுதலாகக் கெடுப்பது சத்தியம். பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்குகிறோம். சத்தியம் ஒரு நாள் உடையும். உடைந்தால், குடித்த குற்றத்தோடு பிள்ளைக்குக் கேடு தேடிய குற்றமும் சேர்கிறது. தயவுசெய்து சத்தியம் வாங்காதீர்கள். "நாளைக்குச் சாயங்காலம் எங்க இருப்பீங்க?" என்று கேளுங்கள். சறுக்கினால் 24 மணி நேரத்துக்குள் மீதியைக் கொட்டிவிட்டு, மருத்துவருக்கோ கூட்டத்து நண்பருக்கோ சொல்லிவிடுவது என்று முன்பே பேசி வையுங்கள்.

குடிநோயைச் சர்க்கரை நோயோடு ஒப்பிடுவது மருத்துவர்களின் வழக்கம். இரண்டிலும் பரம்பரைக்குப் பங்குண்டு. குடிநோயில் அது ஏறக்குறைய பாதி என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. இரண்டிலும் நீண்ட கால மருத்துவம் வேண்டும், நடுவில் சறுக்கல் வரும். இதுவரை ஒப்பீடு சரி. ஆனால் சர்க்கரை நோயாளி ஜாங்கிரி தின்றுவிட்டு மனைவியின் பல்லை உடைப்பதில்லை, பிள்ளையின் பள்ளிக்கட்டணத்தை எடுத்துக்கொண்டு போவதில்லை. நோய் என்ற சொல் இந்த இடத்துக்கு நீளக் கூடாது. தானாகக் குடித்துவிட்டுச் செய்த குற்றத்துக்குப் போதை விலக்கல்ல என்பது 1860இல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 86ஆம் பிரிவு. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 24ஆம் பிரிவும் குடித்தவரை, தெளிவாக இருந்தால் என்ன அறிந்திருப்பாரோ அதை அறிந்தவராகவே நடத்துகிறது. 100 மி.லி. இரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹாலுக்கு மேல் இருந்து வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு பாயும். "எனக்கு நோய்" என்று அங்கே சொல்ல முடியாது. அடிவாங்கும் பெண், கணவர் குணமாகும் வரை காத்திருக்கக் கடமைப்பட்டவர் அல்லர். பெண்கள் உதவி எண்ணான 181க்கு அழைக்கலாம், குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு ஆணை கேட்கலாம்.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரனில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இதைத் தெளிவாகக் கையாள்கிறது. குடியின் முன்னால் தான் சக்தியற்றவன் என்று ஒப்புவது அதன் பன்னிரண்டு படிகளில் முதல் படி. எட்டாவது, ஒன்பதாவது படிகளில், யாருக்கெல்லாம் தீங்கு செய்தோம் என்று பட்டியல் எழுதி, அவர்களுக்கு மேலும் கேடு வராத வகையில் ஈடு செய்ய வேண்டும். நோய்க்குத் தலைவணங்கியவரே சேதத்துக்குக் கணக்கும் கொடுக்கிறார். விடியற்காலையில் காலைப் பிடித்து அழுவது ஈடு ஆகாது. அடகு வைத்த தோட்டை மீட்டுத் தருவது, அண்ணனிடம் வாங்கிய கடனை மாதம் ஆயிரமாவது கொடுத்து அடைப்பது, மகளின் பள்ளிக் கூட்டத்துக்கு நேரத்துக்குப் போய் உட்காருவது, இவைதான் ஈடு. மன்னிப்பதா வேண்டாமா என்பது மறுபக்கத்தார் முடிவு.

மனைவியின் பங்கு பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழியில் பாதி அவர் தலையில்தான் விழுகிறது. "நீ கத்துறதாலதான் குடிக்கிறேன்" என்று கணவர் சொல்வார். "புருஷனைக் கைக்குள்ள வெச்சுக்கத் தெரியல" என்று மாமியார் சொல்வார். இரண்டும் பொய். குடியை மனைவி உண்டாக்கவில்லை, அடக்கவும் அவரால் ஆகாது. அவர் செய்யக்கூடியது, குடியின் விளைவை மறைக்காமல் இருப்பது. மேலாளருக்கு ஃபோன் போட்டுக் "காய்ச்சல்" என்று சொல்ல வேண்டாம். கடைக்கடனை அடைக்க வேண்டாம். கணவர் உடைத்ததை அவர் எழுந்து பார்க்கும் முன் பெருக்க வேண்டாம். ஆனால் மயங்கிக் கிடப்பவரை மல்லாக்க விடாமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி மூச்சுக்குழாயில் போய் இறப்பவர்கள் உண்டு. போதையில் இருக்கும்போது நியாயம் பேசவே வேண்டாம். அடுத்த நாள் காலை, பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, ஒரே ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி, ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள். குடிக்காமல் வந்த நாளில் முகம் கொடுத்துப் பேசுவது, கூடச் சாப்பிடுவது போன்றவையும் நல்ல பலன் தருகின்றன.

பழியைப் பங்கு போடும்போது அரசை விட்டுவிட முடியாது. 2003இலிருந்து சில்லறை மதுக்கடையை நடத்துவது அரசு நிறுவனமான டாஸ்மாக். 2023-24இல் அதன்வழி அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இந்தியா முழுவதும் எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான ஆய்வு, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் சிகிச்சை கிடைத்தது என்றது. மற்ற 37 பேரையும் பொறுப்பற்றவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிகிச்சை இல்லாத இடத்தில்தான் அடித்து, கட்டிப்போட்டுத் திருத்தும் இல்லங்கள் முளைக்கின்றன. குடியால் வரும் மனநலக் கோளாறும் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குள் அடங்கும். அதன் 95ஆம் பிரிவு எந்த வகையிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. சேர்க்கும் முன் அங்கே மருத்துவர் இருக்கிறாரா, உரிமம் இருக்கிறதா, வீட்டார் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் திரும்பிவிடுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் சிகிச்சை இலவசம். எங்கே போவதென்று தெரியாவிட்டால் போதை மீட்பு உதவி எண் 14446 அல்லது மனநல உதவி எண் 14416க்கு அழையுங்கள். காலையில், அவர் குடிக்கும் முன் அழைத்துப் போங்கள். கடைசியாகக் குடித்த நேரம், ஒரு நாளைக்கு எத்தனை குவாட்டர், முன்பு நிறுத்தியபோது வலிப்போ பிதற்றலோ வந்ததா, இரத்த வாந்தியோ கறுப்பாக மலமோ போனதா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார், இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அளவைக் குறைத்துச் சொல்ல வேண்டாம். மருந்தின் அளவை மருத்துவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.